யாழ்ப்பாணத்தில் இருந்தபடி ஒரு சித்திரக்கதைப் புத்தகம் போடுவது எப்படி?

சித்திரக்கதை செய்ய ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் கதாநாயகனின் முகத்தைத்தான் வரைகிறார்கள். பிறகு இன்னொரு முகம், பிறகு ஒரு வில்லன். கொப்பி நிறைந்துவிடும், புத்தகம் வராது. நாங்கள் சிலர் சேர்ந்து சிறிய புத்தகம் ஒன்றை அச்சேற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கை, கால், முகம் வரையக் கற்றுத்தர எத்தனையோ காணொளிகள் உண்டு. தமிழில், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, அளவான காசோடு ஒன்றை முடிப்பது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

கீழே உள்ள ஒழுங்கு தலைகீழாகத் தெரியலாம். அச்சகத்தில் முடிகிற வேலையை அச்சகத்திலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். அளவு, பக்கம், நிறம் மூன்றும் முடிவாகாமல் வரைந்த படங்களைப் பிறகு புத்தகத்துக்குள் அடக்குவது பெரும்பாடு. பாதிப் படங்களைத் திருப்பி வரையத்தான் வேண்டிவரும்.

1. முதலில் வெற்றுப் புத்தகம் ஒன்றை மடியுங்கள்

ஏ4 தாள்கள் ஆறை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 24 பக்க ஏ5 புத்தகம் கிடைக்கும். மேலே இன்னொரு தாள் வைத்தால் அதுதான் அட்டை. பக்கங்களுக்கு 1 முதல் 24 வரை எண் போடுங்கள். ஒற்றை எண்கள் வலப்பக்கம், இரட்டை எண்கள் இடப்பக்கம் வரும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை எப்போதும் நாலால் பிரிபட வேண்டும். 22 பக்கக் கதை எழுதினால் இரண்டு பக்கம் வெறுமையாகக் கிடக்கும். 25 எழுதினால் மூன்று பக்கத்துக்குச் சும்மா காசு கொடுப்பீர்கள்.

இந்த மாதிரியைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். வாசகரைத் திடுக்கிட வைக்கும் காட்சி, தாளைப் புரட்டியதும் தெரியும் இடப்பக்கத்தில்தான் வரவேண்டும். வலப்பக்கத்தில் வைத்தால் முந்தின பக்கத்தை வாசிக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது: ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, வெளியீட்டுரை, என்னுரை. 24 பக்கப் புத்தகத்தில் ஆறு பக்கம் இதற்கே போனால் சிறுவர்கள் முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார்கள். யாருக்கும் மனம் நோகாமல் தப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி, நன்றி சொல்ல வேண்டிய எல்லோரையும் கடைசி உள்ளட்டையில் ஒரே பட்டியலாகப் போடுவது. இதை ஆரம்பத்திலேயே வீட்டாருக்கும் பாடசாலை ஆசிரியர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

2. வரைய முன் அச்சகத்துக்கு ஒருதரம் போங்கள்

மடித்த வெற்றுப் புத்தகத்தைக் கொண்டுபோய், “இப்படி ஒன்று அடிக்க வேண்டும்” என்று கேட்டால் போதும். நகரத்தில் சில கடைகள் வேலையை எடுத்து வேறிடத்துக்கு அனுப்புகின்றன. அதில் பிழையில்லை. ஆனால் இயந்திரம் எங்கே ஓடுகிறது, பிழை வந்தால் யாரோடு கதைப்பது என்பதைக் கேட்டுவையுங்கள்.

கேட்க வேண்டிய மற்றவை: ஓப்செட்டா டிஜிட்டலா? உள்பக்கத்துக்கு என்ன தாள், எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் தடிப்பைக் காட்டும் எடைக் கணக்கு)? கறுப்பு வெள்ளையா கலரா? அட்டைக்கு லமினேஷன் மினுமினுப்பாகவா, மங்கலாகவா? நடுப்பின்னா, பசைக் கட்டா? கோப்பை எந்த வடிவில் எடுப்பார்கள்? சொன்ன விலைக்குள் வற் வரி அடக்கமா? வற் பதிவுள்ள அச்சகம் என்றால் 18% மேலே ஏறலாம், அதைக் கடைசி நாளில் கேட்டு அதிர்ச்சியடைய வேண்டாம்.

ஒரே விவரத்தை எழுதி மூன்று இடத்தில் கொடுத்து, விலையை எழுத்தில் வாங்குங்கள். ஒருவர் 80 ஜிஎஸ்எம் தாளுக்கும் மற்றவர் 100க்கும் விலை சொல்லியிருந்தால் அந்த இரண்டையும் ஒப்பிட முடியாது. கறுப்பு வெள்ளைக்கு 80 ஜிஎஸ்எம் மெல்லிசு. பின்பக்கத்துக் கறுப்பு இந்தப் பக்கத்துக்குத் தெரியும். 100 கிடைத்தால் அதையே எடுங்கள். அட்டைக்கு 250 அல்லது 300.

காலம்தான் பெரிய பிரச்சினை. அச்சகங்களுக்குத் தவணைப் பரீட்சைத் தாள்கள், கல்யாணக் காட்டுகள், ஆண்டு முடிவில் கலண்டர்கள், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வரும் மலர்கள் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். இவை போக, அந்தியேட்டிக்கு அடிக்கும் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம். முப்பத்தோராம் நாளுக்கு அது கையில் இருந்தே ஆகவேண்டும், ஒரு நாளும் பிந்த முடியாது. ஆகவே உங்கள் சித்திரக்கதையைத்தான் ஒதுக்கி வைப்பார்கள், அதற்குக் கோபப்படவும் முடியாது. நல்லூர்க் காலத்தில் விற்க ஆசையென்றால் வைகாசி முடிவதற்குள் கோப்பு அச்சகத்தில் இருக்கட்டும்.

3. கதையைச் சின்னதாக எடுங்கள்

முதல் முயற்சிக்கு 200 பக்கக் காவியம் வேண்டாம். எட்டுப் பக்கத்தில் முடிகிற கதை எடுங்கள். 24 பக்கப் புத்தகத்துக்குள் அப்படி இரண்டு கதையும், நாலு பக்கக் கதை ஒன்றும், ஒரு பக்கத் துணுக்குகளும் அடங்கும். கூட்டாகச் செய்கிறவர்களுக்கு இது இன்னும் நல்லது. ஒருவர் பிந்தினால் அவருடைய கதை மட்டும் நிற்கும், புத்தகம் நிற்காது.

எட்டுப் பக்கத்துக்கு என்ன கதை வரும்? ஓர் இடம், இரண்டு மூன்று ஆட்கள், ஒரு சிக்கல். தட்டிவான் பயணத்தில் தொலைந்த ஒரு பை. பக்கத்து வளவுக் கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டி. பட்டம் விடும் போட்டிக்கு முதல் நாள் இரவு. போர்க்காலக் கதை என்றால் இரண்டு விடயம்: உண்மையான ஆட்களின் பெயரையும் முகத்தையும் அவர்களிடமோ குடும்பத்திடமோ கேட்காமல் போடாதீர்கள். அத்தோடு அச்சகத்துக்குக் கதையை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். முற்பணம் கொடுத்த பிறகு அவர்கள் தயங்கினால் இரு பக்கமும் சங்கடம்.

எப்படி எழுதுவது என்று பழக ஒரு நல்ல பயிற்சி சொல்கிறேன். பிடித்த சித்திரக்கதை ஒன்றில் ஒரு பக்கத்தை எடுத்து, அதில் கட்டம் கட்டமாக என்ன இருக்கிறது என்று சொற்களில் எழுதுங்கள். யார் எங்கே நிற்கிறார், கிட்டவா தூரவா, எத்தனை சொல் பேசுகிறார். பத்துப் பக்கம் இப்படி எழுதினால், கட்டத்துக்குக் கட்டம் நடுவில் எவ்வளவு விடயத்தை விட்டுவிடலாம் என்பது கைக்கு வந்துவிடும். நம்மூர்க் கோட்டோவியம் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்பினால் நூலகம் இணையத்தளத்தில் சிரித்திரன் இதழ்கள் இருக்கின்றன, காசில்லாமல் பார்க்கலாம்.

4. எழுத்துப்பிரதி: வரைகிறவருக்கு எழுதும் கடிதம்

நீங்களே எழுதி நீங்களே வரைந்தாலும் எழுத்துப்பிரதி வேண்டும். பெரிய இலக்கணம் ஒன்றும் இல்லை. இப்படி இருந்தால் போதும்:

பக்கம் 3, நான்கு கட்டங்கள்.
கட்டம் 1 (அகலமானது): மழை. பஸ் தரிப்பிடம். ஆச்சி வெளியே நனைந்துகொண்டு நிற்கிறா. உள்ளே இடப்பக்கம் பெடியன்.
பெடியன்: “ஆச்சி, இங்கால வாங்கோ.”
கட்டம் 2: ஆச்சியின் கை மட்டும். பையை இறுக்கிப் பிடித்திருக்கிறா. வசனம் இல்லை.
கட்டம் 3: ஆச்சி அவனை உற்றுப் பார்க்கிறா.
ஆச்சி: “நீ ஆற்ற பெடியன்?”
கட்டம் 4: பெடியன் தலையைச் சொறிகிறான். பின்னால் பஸ் போய்க்கொண்டிருக்கிறது.
பெடியன்: “அதை விடுங்கோ, பஸ் போகுது!”

முதலில் பேசுகிறவர் கட்டத்தின் இடப்பக்கம் நிற்க வேண்டும். நாம் இடமிருந்து வலமாக வாசிக்கிறோம். பதில் சொல்கிறவர் இடப்பக்கம் நின்றால் பேச்சுக் குமிழிகளின் வால்கள் ஒன்றையொன்று வெட்டும். அதனால்தான் கட்டம் 1இல் ‘இடப்பக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். இந்த ஒரு சொல் வரைகிறவருக்கு ஒரு பின்னேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

ஒரு கட்டத்தில் ஓர் ஆள் ஒரு செயலைத்தான் செய்யலாம். “கதவைத் திறந்து உள்ளே வந்து கதிரையில் இருக்கிறான்” என்று எழுதினால் அது மூன்று கட்டம். ஏ5 பக்கத்துக்கு நாலு முதல் ஆறு கட்டம் அளவானது. ஒரு குமிழிக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள், அல்லது வெட்டுங்கள். பேச்சுத் தமிழில் எழுதுவது இடத்துக்கும் நல்லது. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ ஒரு முழு வரியை விழுங்கும், ‘வாறன்’ ஒரு மூலையில் அடங்கும்.

5. கூட்டாகச் செய்தால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள்

தனியாகச் செய்தால் முடிவு எடுப்பது சுகம், வேலை முடிவது கஷ்டம். கூட்டாகச் செய்தால் அதற்கு எதிர்மாறு என்று நினைக்கிறோம். உண்மையில் நாலு பேரின் நேரம் ஒத்துவருவதுதான் பெரிய கஷ்டம். வேலைகள் இவை: எழுதுவது, பென்சில் வரைவு, மை, நிறம், எழுத்து வைப்பது, பிழை பார்ப்பது, அச்சகத்தோடு அலைவது. கடைசியாகச் சொன்னதை யாரும் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கும் ஆள் குறியுங்கள்.

ஒப்பந்தம் என்றதும் “நாங்கள் சிநேகிதர்தானே” என்பார்கள். சிநேகிதர் என்பதால்தான் தேவை. எங்கள் நாட்டில் பதிப்புரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. படைப்பு உருவானதுமே உரிமை வந்துவிடும், பதிவு தேவையில்லை. ஆசிரியர் இறந்த பிறகும் 70 ஆண்டுகள் நீடிக்கும். சேர்ந்து செய்தால் சேர்ந்தே சொந்தம். அந்த உரிமையை ஒருவர் மற்றவருக்கு எழுதிக் கொடுப்பதென்றால் எழுத்திலும் கையெழுத்திலும் இருக்க வேண்டும். “எல்லாம் நீயே வைச்சுக்கொள்” என்ற வாய்ப்பேச்சு போதாது.

சிறிய புத்தகத்துக்குச் சட்டத்தரணி வரைக்கும் போக வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் இவற்றை எழுதினால் போதும்: எல்லோரின் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும், யார் எந்த வேலை, எந்தத் திகதிக்குள், அட்டையில் பெயர்கள் எந்த ஒழுங்கில், செலவு யாருடையது, செலவு போக மிஞ்சுவதை எப்படிப் பிரிப்பது, கதாபாத்திரங்களை வைத்துத் தனியே இன்னொரு கதை செய்யலாமா, மூலப் படங்கள் யார் வீட்டில் இருக்கும், கோப்புகளின் பிரதி எத்தனை பேரிடம். பிறகு நம் ஊரில் கட்டாயம் எழுத வேண்டிய ஒரு வரி: நடுவில் ஒருவருக்கு விசா வந்து வெளிநாடு போனால் அவருடைய பாதி வேலை என்னாகும்? போய் இறங்கிய முதல் ஆறு மாதம் யாரும் பென்சிலைத் தொடமாட்டார்கள். மிச்சத்தை வேறொருவர் வரையலாம், பெயர் இருவருக்கும் போகும் என்று முதலே எழுதிவிட்டால் மனஸ்தாபம் வராது.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் காசு தந்தால் அதுவும் எழுத்தில் இருக்கட்டும். அன்பளிப்பா, கடனா, அட்டையின் பின்புறத்தில் அவருடைய கடை விளம்பரம் வரவேண்டுமா என்பதைக் கேளுங்கள்.

6. சிறுவரைவு, அதில் முதலில் எழுத்து

முழுப் பக்கம் வரைய முன் தீப்பெட்டி அளவில் ஒவ்வொரு பக்கத்தையும் கிறுக்கிப் பாருங்கள். ஆட்களுக்குக் குச்சி உருவம் போதும். இதில் பலரும் விடுகிற பிழை, படத்தைப் போட்டுவிட்டு மிச்ச இடத்தில் குமிழியைத் திணிப்பது. தமிழ்ச் சொற்கள் நீளம். மிச்ச இடம் ஒருநாளும் போதாது. கடைசியில் கதாநாயகியின் நெற்றியில் குமிழி ஏறும்.

ஆகவே வசனத்தை முதலில் வையுங்கள். வசனங்களைக் கணினியில் உண்மையான எழுத்தளவில் தட்டெழுதி, அச்சிட்டு, வெட்டி, பக்கத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். அச்சில் 9 புள்ளிக்குக் குறையாமல் எழுத்து இருக்க வேண்டும். நீங்கள் ஏ4இல் வரைந்து ஏ5க்குச் சுருக்கினால் எல்லாம் கிட்டத்தட்ட 71 சதவீதமாகும். அதாவது ஏ4இல் 13 புள்ளி வைத்தால்தான் அச்சில் 9 வரும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் 10 புள்ளியில் வைத்தவர்களின் புத்தகத்தை அம்மம்மாக்கள் வாசிக்க முடியாது.

7. பென்சில், மை, ஸ்கேன்

ஏ5 புத்தகத்துக்கு ஏ4இல் வரையுங்கள். ஏ3 அழகாக இருக்கும், ஆனால் வீட்டு ஸ்கேனரில் ஏறாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கடையில் காசு கொடுத்து எடுக்க வேண்டும். 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத வழுவழுப்பான தாள் மையைத் தாங்கும். நகரத்துப் புத்தகக் கடைகளில் தனித்தாளாகவே வாங்கலாம். முதலில் இரண்டு தாள் வாங்கி உங்கள் பேனையால் கீறிப் பாருங்கள். மை பரவினால் வேறு தாள்.

பேனைக்கு 0.3, 0.5, 0.8 மூன்றும் போதும். நனையாத மையா என்று ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டே நிறத்தை யோசியுங்கள். ஜெல் பேனை வேண்டாம். பென்சிலை றப்பரால் அழிக்கும்போது கறுப்பும் சேர்ந்து மங்கும். சித்திரை வெயிலில் கை வியர்வை படத்தைக் கெடுக்கும், உள்ளங்கைக்குக் கீழே ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தாள் நெளியும். வரைந்தவற்றை மட்டைகளுக்கு நடுவில் வைத்து மேலே பாரம் வையுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று எல்லை கீறுங்கள். வெட்டும் கோடு, அதற்கு வெளியே 3 மில்லிமீற்றர், உள்ளே 10 மில்லிமீற்றர். இவை அச்சில் வரவேண்டிய அளவுகள், சுருக்க முன் வரையும் தாளில் அதற்கேற்பக் கூட்டிக் கீறுங்கள். விளிம்புவரை போகும் படம் வெளிக்கோடு வரை நீள வேண்டும். எழுத்தும் முகமும் உள்கோட்டுக்குள் நிற்க வேண்டும். நடுப்பின் புத்தகத்தில் நடுத்தாள்கள் வெளியே தள்ளி நிற்கும், வெட்டும்போது அவற்றில் கொஞ்சம் கூடுதலாகப் போகும். பக்க எண்ணை விளிம்போடு ஒட்டி வைத்தவர்களுக்கு நடுப்பக்கங்களில் எண்ணே இருக்காது.

ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளைக் கோடு என்றால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), கலர் என்றால் 300. கைபேசிப் படம் வேண்டாம், ஓரங்கள் வளையும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். ‘ஆவணம்’ என்று தெரிவுசெய்து அனுப்பினால் அப்படியே போகும். நேரே கணினியில் வரைகிறவர்களுக்குக் கிரிட்டா என்ற மென்பொருள் இலவசம். சிறிய வரைபலகை ஒன்று போதும், திரையுள்ளது முதல் புத்தகத்துக்குத் தேவையில்லை.

நேரம்? இரண்டு பக்கத்தை முழுதாக முடித்து, எத்தனை மணித்தியாலம் போனது என்று குறியுங்கள். அதில் பாதியைப் பக்க எண்ணிக்கையால் பெருக்கி, மேலே மூன்றிலொரு பங்கு கூட்டுங்கள். காய்ச்சல், பரீட்சை, கோயில் திருவிழா எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

8. தமிழ் எழுத்தை வைப்பது

வழிகாட்டிக் காணொளிகள் இதைத் தொடுவதே இல்லை. அவை ஆங்கிலத்துக்குச் செய்தவை.

முதலாவது, குறியேற்றம். இங்கே பல அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வேலை. நீங்கள் யூனிகோடில் செய்த கோப்பை அங்கே திறந்தால் எழுத்துகள் பெட்டி பெட்டியாக நிற்கும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யாராவது அவசரத்தில் அதைப் பாமினிக்கு மாற்றித் திருத்தினால் புதுப் பிழைகள் முளைக்கும். நீங்களே முழுப் பக்கத்தையும் முடித்து, எழுத்துகளைக் கோட்டுருவாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். திருத்தக்கூடிய கோப்பைத் தனியே பத்திரமாக வையுங்கள், மாற்றிய பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

இரண்டாவது, மென்பொருள். ஃபொட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் எழுத்து அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ என்பதைத் தெரிவுசெய்யாவிட்டால் கொ, கோ எல்லாம் குலையும். இன்டிசைனிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. இங்க்ஸ்கேப், ஜிம்ப் இரண்டும் இலவசம், தமிழைச் சரியாகக் காட்டும். கிரிட்டாவில் எழுத்து வைப்பதென்றால் 5.2 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு எடுங்கள். பக்கங்களைக் கோக்க ஸ்கிரைபஸ் 1.6 போதும்.

எழுத்துருவை எங்கிருந்தோ இறக்கிப் பாவிக்க வேண்டாம், விற்கும் புத்தகத்துக்கு அனுமதி வேண்டும். கூகுள் ஃபொன்ட்ஸில் உள்ளவை காசுக்கு விற்கும் புத்தகத்திலும் பாவிக்கக் கூடியவை. கையெழுத்துப் போல வேண்டுமென்றால் கவிவனார், உருண்டு திரண்டு வேண்டுமென்றால் பலூ தம்பி. சத்தம் காட்ட ‘படார்’, ‘சளக்’ என்பவற்றைக் கையாலேயே எழுதுங்கள். எழுத்துருவில் வைத்தால் சத்தமே கேட்காது.

வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மேல்வரியின் கு, ழு கீழே இறங்கும், கீழ்வரியின் புள்ளி மேலே ஏறும், இரண்டும் இடிபடும். மென்பொருள் போலியாகத் தடிப்பாக்கும் எழுத்து வேண்டாம், ஞ, ண, ழ எல்லாவற்றின் கண்ணும் அடைபடும். சொல்லை நடுவில் உடைத்துத்தான் குமிழிக்குள் அடக்க முடியுமென்றால் வசனத்தையே மாற்றுங்கள்.

9. காசுக் கணக்கு

ஓப்செட்டில் தகடுக் காசு ஒரேதரம். பத்துப் பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அது மாறாது. கறுப்புக்கு ஒரு தகடென்றால் முழுக்கலருக்கு நாலு, அதுவும் ஒவ்வொரு பாரத்துக்கும், அதாவது ஒன்றாக அச்சாகும் பக்கங்களின் ஒவ்வொரு தொகுதிக்கும். டிஜிட்டலில் தகடு இல்லை, பக்கத்துக்குப் பக்கம் காசு. ஐம்பது, நூறு பிரதிக்கு டிஜிட்டல் பார்க்கலாம். சில நூறைத் தாண்டினால் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

கணக்கு விளங்குவதற்கு மட்டும் ஓர் உதாரணம். இவை சந்தை விலைகள் அல்ல, நீங்கள் வாங்கிய விலையைப் போட்டுப் பாருங்கள். மாறாத செலவு 40,000 ரூபாய், பிரதிக்கு 150 என்று வைப்போம். 300 பிரதிக்கு 85,000, அதாவது ஒன்று 283 ரூபாய். 1,000 பிரதிக்கு 190,000, ஒன்று 190 ரூபாய்தான். இங்கேதான் ஆள் விழுவது. “ஆயிரம் அடித்தால் மலிவு” என்று அச்சகமும் சொல்லும், உங்கள் மனமும் சொல்லும். விலை 500 வைத்து, கடைக்கு 35 சதவீதம் கழித்தால் உங்கள் கைக்கு 325. முந்நூறு அடித்தவர் 262 விற்றால் போட்ட காசு வரும். ஆயிரம் அடித்தவர் 585 விற்க வேண்டும். முதல் புத்தகத்தை 585 பேர் வாங்குவார்கள் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். மிச்சம் கட்டிலுக்குக் கீழே போகும், கறையான் அதைச் சும்மா விடாது.

இந்தக் கணக்கில் பேனை, தாள், அச்சகத்துக்குப் போய்வந்த பெற்றோல், இலவசமாகக் கொடுக்கும் பிரதிகள் எதுவும் இல்லை. இலவசத்துக்கு முப்பது பிரதி ஒதுக்குங்கள். குறையாது.

முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதில் பிரதிகளின் எண்ணிக்கை, தாள், கொடுக்கும் திகதி எழுதியிருக்க வேண்டும்.

10. இலக்கங்களும் பதிவுகளும்

ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக இலக்கத்தைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. தலைப்பு, ஆசிரியர், வெளியிடுபவர், அளவு, பக்கம் எல்லாம் முடிவான பிறகு விண்ணப்பியுங்கள், ஆனால் அட்டைக் கோப்பை அச்சகத்துக்குக் கொடுக்க முன். இலக்கம் வர நாள் எடுக்கலாம் என்று ஒரு மாதமாவது விட்டுவையுங்கள். அச்சடித்த பிறகு ஒட்டுத்தாளில் இலக்கம் ஒட்டிய புத்தகங்கள் எவ்வளவோ பார்த்திருக்கிறோம். தலைப்பை இடையில் மாற்றாதீர்கள். மாதாமாதம் வரும் இதழாக நடத்தப் போகிறீர்கள் என்றால் அதற்கு ஐஎஸ்எஸ்என் என்ற வேறு இலக்கம்.

அச்சிட்ட புத்தகத்தின் பிரதிகளைத் தேசிய சுவடிகூடத் திணைக்களத்துக்குச் சமர்ப்பிப்பது அச்சகத்தின் கடமை. அந்தப் பிரதிகள் உங்கள் எண்ணிக்கையிலிருந்துதான் போகுமா, மேலதிகமாக அடிப்பார்களா என்று கேளுங்கள்.

சொந்தப் பெயரில் வெளியிட்டால் வேறு பதிவைத் தேடி அலைய வேண்டாம். ஒரு வெளியீட்டகப் பெயர் வைத்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க விரும்பினால் வணிகப் பெயர்ப் பதிவு வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அடையாள அட்டையும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் இடத்துக்கான சான்றும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். முதல் புத்தகத்துக்கு இது அவசரமில்லை என்பது என் எண்ணம்.

11. அச்சுக்குக் கொடுக்கும் நாள்

கணினித் திரையில் பிழை பார்க்காதீர்கள். உண்மை அளவில் அச்சிட்டு, பேனையோடு இருந்து, கதை தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். ண ன, ர ற, ல ள ழ பார்ப்பதோடு, குமிழியின் வால் சரியான வாய்க்குப் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்ய ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பார். அவர் பேச்சுத் தமிழையும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

எழுத்தும் கோடும் தனிக் கறுப்பாக மட்டும் இருக்க வேண்டும். நாலு நிறம் கலந்த கறுப்பென்றால், தகடு ஒரு மயிரிழை விலகினாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழும். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும், கோப்பை அச்சு மைகளின் நாலு நிற முறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றிய பிறகு நிறத்தைத் தீர்மானியுங்கள்.

முழு ஓட்டத்துக்கு முன் ஒரு மாதிரிப் பிரதி கேளுங்கள். மடித்து, பின் அடித்து, வெட்டியதாகவே வேண்டும். அதைப் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகு ஓடட்டும். பிரதிகள் வந்ததும் கட்டைப் பிரித்து, இடையிடையே எடுத்துப் புரட்டுங்கள். பக்கம் மாறிக் கோத்தது, தலைகீழானது, மை படிந்தது எல்லாம் அந்த இடத்திலேயே பிடிபட வேண்டும். மிச்சக் காசு அதற்குப் பிறகு.

12. வெளியீடும் விற்பனையும்

வெளியீட்டு விழா வைத்தால் முதற்பிரதி, சிறப்புப் பிரதி பெறுவோர் தரும் காசில் செலவின் ஒரு பங்கு திரும்பும். மண்டபம், ஒலிபெருக்கி, பொன்னாடை, சிற்றுண்டி என்று அதே காசு போகவும் கூடும். பாடசாலை மண்டபமோ சனசமூக நிலையமோ போதும். நயப்புரைக்கு ஒருவரை மட்டும் கூப்பிட்டு, மிச்ச நேரத்தில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் வரைந்து காட்டுங்கள். பிள்ளைகள் வாங்கும் புத்தகம் அது, பேச்சாளர்கள் வாங்குவதில்லை.

கடைகளில் பெரும்பாலும் விற்ற பிறகே காசு. இத்தனை பிரதி, இந்தக் கழிவு, இந்தத் திகதி என்று எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கார்பன் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினால் காரியம் முடிந்தது. ஒரு கடைக்கு முதலில் பத்துப் பிரதிக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருதரம் நேரில் போங்கள். தொலைபேசியில் கேட்டால் “இன்னும் கணக்குப் பார்க்கேல்லை” என்ற பதில்தான் வரும். பாடசாலை நூலகங்களுக்கு அதிபர் பெயரில் ஒரு கடிதமும் மாதிரிப் பிரதியும் கொண்டுபோங்கள். ஆண்டு முடிவை விட, நூல் வாங்கும் காசு கைக்கு வருகிற காலத்தை நூலகப் பொறுப்பாசிரியரிடம் கேட்டுப் போவது நல்லது.

வெளிநாட்டு வாசகருக்கு ஒற்றைப் பிரதியைத் தபாலில் அனுப்பினால் தபாற்செலவு புத்தக விலையைத் தாண்டலாம். விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கட்டாகக் கொடுத்துவிடுங்கள், அல்லது பிடிஎஃப் விற்பனையை யோசியுங்கள். அச்சுக் கோப்பு, திருத்தக்கூடிய கோப்பு, மூல ஸ்கேன்கள் மூன்றையும் இரண்டு வெளி வன்தட்டுகளில், இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். இரண்டாம் பதிப்புக்கு அவை தேவைப்படும்போது அச்சகத்தில் கணினி மாறியிருக்கும்.